விதி என்று மொழிபெயர்க்கப்பட்ட பெண்கள்

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள் (லத்தீனாக்கள் என்று அங்கே சொல்கிறார்கள்) முற்றிய புற்றுநோயை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பல ஆய்வுகளிலிருந்து திரட்டி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார் அவர். அட்டவணையின் இடப்பக்கத்தில் ஸ்பானியச் சொற்கள், வலப்பக்கத்தில் விளைவுகள். ஃபாத்தாலிஸ்மோ: பரிசோதனைக்கு வருவதில்லை. ஃபமிலிஸ்மோ: முடிவைக் குடும்பத்திடம் விட்டுவிடுகிறார்கள். மரியானிஸ்மோ: வலியை மறைக்கிறார்கள். ரெஸ்பெத்தோ: மருத்துவரிடம் கேள்வி கேட்பதில்லை. இவற்றுக்குப் பொருத்தமான தமிழ்ச்சொற்கள் வேண்டும் என்றார். முதல் சொல்லுக்கு எதிரே 'ஊழ்' என்று பென்சிலால் அவரே எழுதியும் வைத்திருந்தார். மார்க்கேஸையும் ஹுவான் ருல்ஃபோவையும் தேடித் தேடிப் படித்தவர். "அப்படியே மாய யதார்த்தம், இல்லையா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல என்று சொன்னால் அது நாகரிகத்துக்காகச் சொல்லும் பொய். ஒரு கண்டத்தையே மாயம் என்ற ஒற்றைச் சொல்லால் வாசித்து முடித்துவிட்ட தலைமுறை நாம். இந்தச் சோம்பலைத் தாளமுடியாமல்தான் 1996-இல் சிலே நாட்டின் அல்பெர்தோ ஃபுகேத்தும் செர்ஹியோ கோமெஸும் மார்க்கேஸின் மகோந்தோவைக் கேலிசெய்து 'மெக்ஓந்தோ' என்றே ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர்களில் பர்கர் கடையும் கணினியும் இருக்கின்றன ஐயா என்பதுதான் அந்தத் தலைப்பின் சாரம். இலக்கியத்தில் இப்படிப்பட்ட வாசிப்பின் நஷ்டம் சில மோசமான விமர்சனக் கட்டுரைகளோடு நின்றுவிடும். மருத்துவமனையில் அப்படி நிற்பதில்லை.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்களுக்குப் பண்பாடு இல்லை, நம்பிக்கை இல்லை, அவர்கள் வறுமையின் புள்ளிவிவரங்கள் மட்டுமே என்று நான் வாதிடப்போவதில்லை. அந்த வாதமும் அவர்களை அவமதிப்பதுதான். ஆனால் நோய் ஏன் இத்தனை முற்றிப்போய் வந்தது என்று கேட்கப்படும் இடத்தில் பண்பாடு குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. அது ஏறியதும் அங்கே நிற்கவேண்டிய வேறு சிலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதைத்தான் சொல்ல வந்தேன்.

*

ஃபாத்தாலிஸ்மோ என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்துசேரும் வழியில் பெரும்பாலும் ஒரு சொற்றொடர் கிடக்கும்: 'சி தியோஸ் கியேரே'. கடவுள் விரும்பினால். அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வருவீர்களா என்று கேட்டால் மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பெண் இப்படித்தான் சொல்வாள். நாளைக்குச் சந்தைக்குப் போகிறாயா என்றாலும் இதே பதில். ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் பிறந்தநாளுக்கு வருவாயா என்றாலும் இதே பதில். சந்தைக்கும் போவாள், பிறந்தநாளுக்கும் வந்துவிடுவாள். அது கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்காரும் கொள்கையல்ல. வராத நாளைப் பற்றிப் பேசும்போது நாக்கு காட்டும் அடக்கம். ஸ்பானிய மொழியில் 'ஓஹலா' என்றொரு சொல் உண்டு. அப்படி நடக்கட்டும் என்ற பொருளில் எல்லோரும் நாள்தோறும் சொல்வது. 'அல்லா நாடினால்' என்ற அரபித் தொடரின் வழிவந்த சொல் அது. மத்ரித் நகரத்துச் சீமாட்டிகளும் அதைச் சொல்கிறார்கள். உலகிலேயே நீண்டகாலம் வாழும் பெண்களின் வரிசையில் ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் முன்னணியில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஊழ்நம்பிக்கையை அளக்க யாரும் வினாத்தாளோடு போனதாகத் தெரியவில்லை.

அதே வாயில் இன்னொரு பழமொழியும் புழங்குகிறது: 'ஆ தியோஸ் ரொகாந்தோ இ கொன் எல் மாசோ தாந்தோ'. கடவுளை வேண்டிக்கொண்டே கொட்டாப்புளியையும் அடித்துக்கொண்டிரு என்று பொருள். முதல் தொடருக்கு அட்டவணையில் கட்டம் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை. நண்பரிடம் கேட்டேன்: ஊழ் என்று ஓர் அதிகாரம் எழுதியவர்தானே ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் எழுதினார்? முதலாவதை மட்டும் படித்துவிட்டு ஒருவன் தமிழ்ப் பெண்களுக்கு அட்டவணை போட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அவர் பென்சில் எழுத்தை அழித்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒப்புக்கொள்ளாததற்கு அவரிடம் நியாயமும் இருந்தது. 1992-இல் எலிசெயோ பெரெஸ்-ஸ்தாப்லேவும் அவருடைய சகாக்களும் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டினார். சான் பிரான்சிஸ்கோவில் லத்தீன் வம்சாவளியினரிடமும் வெள்ளையரிடமும் தொலைபேசியில் கேட்டு எழுதியது. புற்றுநோய் வந்தால் மரண தண்டனை வந்தது போலத்தான், அது கடவுள் கொடுத்த தண்டனை, அடிபட்ட காயத்திலிருந்து அது வரும் என்றெல்லாம் சொன்னவர்கள் லத்தீன் தரப்பில் கூடுதல். இதில் கவனிக்கவேண்டியது, கேட்கப்பட்ட இரு தரப்பினரும் ஒரே மருத்துவக் காப்புத் திட்டத்தின் உறுப்பினர்கள். ஆகவே எல்லாம் காசில்லாமைதான் என்று ஒரே வரியில் என்னால் தப்பித்துப்போக முடியாது. இது எதிர்த்தரப்பின் வலுவான சான்று. ஆய்வை நடத்தியவரே லத்தீன் வம்சாவளியினர்தான், பின்னாளில் அமெரிக்க அரசின் சிறுபான்மையினர் நலவாழ்வு ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரானவர் என்பதையும் சொல்லிவிடவேண்டும். வெளியாள் வந்து சொன்ன அவதூறல்ல இது.

என்றாலும் 'புற்றுநோய் மரண தண்டனை' என்பதை நம்பிக்கை என்ற தலைப்பின்கீழ் எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். இன்றைக்குக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவளின் நினைவில் இருக்கும் புற்றுநோய் அவளுடைய அத்தையின் புற்றுநோய். கிராமத்தில் கட்டி உடைந்து புண்ணான பிறகு பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டவள் அந்த அத்தை. அவள் திரும்பி வரவில்லை. மார்பகப் புற்று, லத்தீன் வம்சாவளிப் பெண்களுக்கு வெள்ளைப் பெண்களைவிடக் குறைவாகவே வருகிறது. ஆனாலும் அமெரிக்காவில் அவர்களிடையே புற்றுநோய்ச் சாவுகளில் முதலிடம் அதற்குத்தான். வரும்போதும் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது அவர்களிடையே அதிகம். எளிய பரிசோதனையால் முன்கூட்டியே பிடித்துவிடக்கூடிய கருப்பைவாய்ப் புற்றோ வெள்ளைப் பெண்களைவிட அவர்களுக்குத்தான் அதிகமாக வருகிறது. தன் தெருவில் கண்டதைக் கூட்டிப்பார்த்து 'இது வந்தால் சாவுதான்' என்று ஒருத்தி சொன்னால் அதை மூடநம்பிக்கை என்பதா, அனுபவக் கணக்கு என்பதா? 2007-இல் அனா ஆப்ராய்தோ-லான்ஸாவும் சக ஆய்வாளர்களும் இந்தச் சொல்லை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதினார்கள். வறுமை, காப்பீடின்மை, மருத்துவத்தை எட்டமுடியாமை ஆகியவற்றின் விளைவுகளையெல்லாம் மனப்பான்மையின் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள் என்பது அவர்கள் எச்சரிக்கை. அதற்குப் பிறகும் சொல் சௌகரியமாகத்தான் நடமாடிக்கொண்டிருக்கிறது.

காசு ஒழிந்தால் ஊழ் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவிலேயே ஒரு சோதனை நடந்தது. யாரும் சோதனையாக நடத்தியதல்ல. மெக்சிகோ நகரத்தில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை தொடங்கிய பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நடுவிலேயே நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. பாதி கீமோவோடு ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். 2007-இல் 'செகூரோ பொப்புலார்' என்ற அரசுக் காப்பீடு மார்பகப் புற்றின் செலவை ஏற்றது. சில ஆண்டுகளில் நடுவில் நிற்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. அதே பெண்கள். அதே குவாதலூப்பே மாதா. அதே 'சி தியோஸ் கியேரே'. மாறியது பில் மட்டும்தான். (அந்தக் காப்பீட்டையும் அடுத்து வந்த அரசு 2020 தொடக்கத்தோடு கலைத்துவிட்டு வேறு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அது தனிக்கதை.) பாதியில் நின்ற அந்த மூன்றில் ஒருத்தியை 2005-இல் ஓர் ஆய்வாளர் சந்தித்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப்பார்க்கிறேன். பணமில்லை என்று முகம்தெரியாத ஒருவரிடம் சொல்லியிருப்பாளா? கடவுள் விட்ட வழி என்றுதான் சொல்லியிருப்பாள். மானமுள்ள ஏழை எந்த மொழியிலும் அப்படித்தான் சொல்வான்.

*

முற்றிய நோயில் இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. நோயாளியிடம் சொல்வதா, கூடாதா?

1995-இல் லெஸ்லி பிளாக்ஹால் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 65 வயதைக் கடந்த 800 பேரிடம் இதைக் கேட்டார்கள். உடலெங்கும் பரவிவிட்ட புற்றுநோயைப் பற்றி நோயாளியிடம் சொல்லவேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், கறுப்பினத்தவரில் 88. மெக்சிகோ வம்சாவளியினரில் 65. கொரிய வம்சாவளியினரில் 47. பிழைக்கமாட்டார் என்ற முடிவையும் சொல்லலாமா என்று கேட்டபோது மெக்சிகோ வம்சாவளியினரில் ஒப்புக்கொண்டவர்கள் பாதிக்கும் கீழே. இதையும் நண்பர் அட்டவணையில் 'ஃபமிலிஸ்மோ'வுக்கு எதிரே எழுதியிருந்தார். உண்மையைத் தாங்காத பண்பாடு என்பது அவர் குறிப்பு.

ஆய்வு பொய்யல்ல. ஆனால் அவர் எழுதாமல் விட்ட இன்னொரு எண் உண்டு. 1961-இல் டொனால்ட் ஓக்கன் என்ற மருத்துவர் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார். நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமலிருப்பதே தங்கள் விருப்பம் என்றவர்கள் 90 சதவீதம். 1979-இல் வேறொரு மருத்துவமனையில் கேட்டபோது சொல்வதே விருப்பம் என்றவர்கள் 97 சதவீதம். பதினெட்டே ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவரின் 'பண்பாடு' தலைகீழாகப் புரண்டுவிட்டது. 1961-இல் அவர்கள் ஃபமிலிஸ்மோவால் பீடிக்கப்பட்டிருந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. நோயாளியின் நன்மையை உத்தேசித்த மருத்துவரின் தீர்ப்பு என்றுதான் அதற்குப் பெயர். இன்று ஒரு மகள் தாய்க்காக அதே தீர்ப்பைச் செய்தால் அது மானுடவியல் ஆகிவிடுகிறது.

சூசன் சொன்டாக்கை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நோயை உருவகங்களிலிருந்து விடுவிக்கவேண்டும் என்று 1978-இல் எழுதிய அதே சொன்டாக், 2004-இல் ரத்தப்புற்றில் விழுந்தபோது தான் சாகப்போவதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்க விரும்பவில்லை. சியாட்டில் நகரத்துக்குப் போய் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வரை போராடினார். சுற்றியிருந்தவர்கள் அவர் கேட்க விரும்பியதையே சொன்னார்கள். அவருடைய மகன் டேவிட் ரீஃப் அந்த மாதங்களைப் பற்றி 2008-இல் நெஞ்சை உலுக்கும் நூலொன்றை எழுதினார். உண்மையைச் சொல்லாமல் இருந்தது சரிதானா என்ற வதை அதில் முழுக்க ஓடுகிறது. நாம் அதை ஒரு பெரும் ஆளுமையின் வாழ்வாசையாகப் படிக்கிறோம். சரிதான், அப்படித்தான் படிக்கவேண்டும். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சலவைத் தொழிலாளி தன் சாவைப் பற்றிக் கேட்க மறுத்தால், அவள் மகள் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு 'அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று கெஞ்சினால், அவர்களுக்கும் ஓர் ஆளுமை இருக்கிறது, வதை இருக்கிறது என்று ஏன் நமக்குத் தோன்றுவதில்லை? ஒருவருக்குச் சரிதம் கிடைக்கிறது. இன்னொருத்திக்கு அட்டவணையில் ஒரு கட்டம்.

*

பண்பாடு என்ற சாட்சி எப்படிக் குற்றவாளியாக மாற்றப்படுகிறது என்பதை நீதிமன்றத்திலேயே பார்த்துவிட முடியும். இது புற்றுநோய் வழக்கல்ல. ஆனால் அதே நகரம், அதே ஏழைகளின் பொது மருத்துவமனை. காப்பீடில்லாதவளுக்குக் கட்டி வந்தாலும் பிரசவம் வந்தாலும் போவதற்கு அந்த ஒரு வாசல்தான் இருந்தது.

1970-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியின் பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலருக்கு அவர்களுக்குப் புரியும்படியான சம்மதமின்றிக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வலியின் உச்சத்தில், வாசிக்கத் தெரியாத ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். மாத்ரிகால் எதிர் குவில்லிகன் என்ற அந்த வழக்கில் 1978-இல் தீர்ப்பு வந்தது. பெண்களின் தரப்பில் சாட்சி சொல்ல வந்தவர் கார்லோஸ் வெலெஸ்-இபான்யெஸ் என்ற மானுடவியலாளர். அந்தப் பெண்களின் கிராமிய வாழ்வில் தாய்மை என்பது என்ன, அதை இழந்தால் அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதையெல்லாம் கள ஆய்வு செய்து அவர் நீதிமன்றத்தில் விளக்கினார். இழப்பின் ஆழத்தை எடுத்துச்சொல்வதற்காக. நீதிபதி ஜெஸ்ஸி கர்ட்டிஸ் அதைக் கவனமாகக் கேட்டார், ஏற்றும் கொண்டார். ஏற்றுக்கொண்டு என்ன தீர்ப்பளித்தார்? இவர்கள் இத்தனை வேதனைப்படுவதற்குக் காரணம் இவர்களுடைய பண்பாட்டுப் பின்னணி. அதை மருத்துவர்கள் எப்படி அறிந்திருக்க முடியும். நடந்தது தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த கோளாறு. மருத்துவர்கள்மேல் பிழையில்லை.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பரிவோடு கொண்டுவரப்பட்ட பண்பாட்டு விளக்கம் எத்தனை சுலபமாகக் கை மாறியது! கவுன்ட்டி நிர்வாகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2018-இல். நாற்பது ஆண்டுகள். பிளாக்ஹால் குழுவினர் கேள்வி கேட்டது இதே கவுன்ட்டியின் முதியோரிடம். அவர்களுடைய மகளோ தங்கையோ அந்தப் பிரசவ அறையில் படுத்திருக்கக்கூடிய வயதினர். மருத்துவர் முன் அவர்கள் வாய்மூடி இருந்ததற்கு 'ரெஸ்பெத்தோ' என்று பெயர் வைத்தவர், பயம் என்ற சொல்லையும் ஒருமுறை பரிசீலித்திருக்கலாம்.

இன்னொரு சொல்லையும் பார்க்கலாம். இதில் மொழிபெயர்ப்பாளர்களான நமக்கும் பாடம் இருக்கிறது. இனிக் குணமாகாது என்றானபின் வலியைத் தணித்து, வீட்டிலோ விடுதியிலோ வைத்து ஆதரவாகக் கவனிக்கும் ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் ஹாஸ்பிஸ் என்று பெயர். லத்தீன் குடும்பங்கள் அதை ஏற்கத் தயங்குகிறார்கள், காரணம் ஃபமிலிஸ்மோ என்று எழுதப்படுகிறது. சரி, அதை ஸ்பானியத்தில் எப்படிச் சொல்கிறார்கள்? கைக்கு வந்த சொல்லாக 'ஓஸ்பிசியோ' என்று போட்டுவிடுகிறார்கள். ஸ்பானியத்தில் அந்தச் சொல்லுக்கு அநாதை விடுதி, நாதியற்றவர்களின் மடம் என்று பொருள். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் 'ஓஸ்பிசியோ கபான்யாஸ்' என்ற மாபெரும் கட்டடம் இருக்கிறது. ஓரோஸ்கோ 1930-களில் அதன் உள்ளே தீட்டிய சுவரோவியங்களுக்காக உலகமே போய்ப் பார்க்கிறது. 1980 வரை அது அநாதைக் குழந்தைகளின் இல்லம். ஹாலிஸ்கோ மாநிலத்தில் பிறந்த ஒரு கிழவரிடம் போய் 'உங்கள் மனைவியை ஓஸ்பிசியோவுக்கு அனுப்பிவிடலாம்' என்றால் அவர் காதில் என்ன விழும்? நாற்பதாண்டு உடன் வாழ்ந்தவளை அநாதை மடத்தில் போடு என்றுதான் விழும். மாட்டேன் என்கிறார். குறிப்பேட்டில் 'பண்பாட்டுத் தடை' என்று பதிகிறார்கள். மொழிபெயர்ப்பின் பிழை, மொழியப்பட்டவரின் குணமாகிவிடுகிறது.

*

இவ்வளவும் சொன்னபின், என் தரப்பிலேயே நிற்கும் சிலரோடும் சண்டை போட்டாகவேண்டும். பண்பாடு என்பதே வெறும் திரை, விலக்கிவிட்டால் பின்னால் இருப்பது வர்க்கம் மட்டுமே என்பவர்கள் அவர்கள். இல்லை. திரையாகவே இருந்தாலும் ஒரு பெண் அதைப் போர்த்திக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். அது அவளைச் சுடவும் செய்கிறது, காக்கவும் செய்கிறது.

மரியானிஸ்மோ என்ற சொல்லை 1973-இல் உலவவிட்டவர் எவலின் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க அரசியல் ஆய்வாளர். கன்னிமரியைப் போலத் துன்பத்தில் மேன்மையடைவதே லத்தீன் அமெரிக்கப் பெண்ணின் இலட்சியம் என்றார். ஒரு கண்டத்தை நான்கு நூற்றாண்டுகளோடு சேர்த்து ஒரே சிமிழில் அடைத்த கோட்பாடு அது. 2002-இல் மரிஸா நவாரோ என்ற வரலாற்றாய்வாளர் அதற்கு எதிராகவே கட்டுரை எழுதினார். ஆனால் 'அகுவாந்தார்' என்ற வினைச்சொல் எந்தக் கோட்பாட்டாளரும் கண்டுபிடித்ததல்ல. தாங்கிக்கொள்வது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது. நல்ல பெண் அகுவாந்தார் செய்வாள். மகளின் திருமணம் முடியட்டும் என்று கட்டியைச் சட்டைக்குள் மறைத்துவைப்பவள் இருக்கிறாள். மார்பை எடுத்துவிட்டால் கணவன் தன்னைப் பெண்ணாக மதிப்பானா என்று அறுவையைத் தள்ளிப்போடுபவள் இருக்கிறாள். எலும்புவரை பரவிய வலியோடு அடுப்பருகில் நின்று எல்லோருக்கும் தோர்த்தியா சுட்டுப்போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காருபவள் இருக்கிறாள். இதில் வர்க்கம் மட்டும் இல்லை; அந்த வீட்டின் ஆண்கள் இருக்கிறார்கள், மாமியார் இருக்கிறாள், ஞாயிறு பிரசங்கம் இருக்கிறது. இவர்களைக் காப்பாற்றுவதற்காக நான் எழுதவில்லை.

ஆனால் இங்கேயும் அட்டவணை அரைக்கண்ணால்தான் பார்க்கிறது. அடிபட்டால் புற்று வரும் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். லியோ சாவேஸ் என்ற மானுடவியலாளரும் சகாக்களும் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டியில் மெக்சிகோவிலிருந்தும் எல் சால்வதோரிலிருந்தும் குடியேறிய பெண்களிடம், அமெரிக்காவிலேயே பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம், வெள்ளைப் பெண்களிடம், மருத்துவர்களிடம் புற்றுநோய்க்கு என்ன காரணம் என்று கேட்டு 1995-இல் எழுதினார்கள். குடியேறிய பெண்கள் மார்பில் படும் அடியைக் காரணங்களில் ஒன்றாக அழுத்திச் சொன்னார்கள். மருத்துவர்கள் மரபையும் வயதையும் சொன்னார்கள். மருத்துவரீதியில் மருத்துவர்கள் சொன்னதே சரி. அடியால் புற்று வருவதில்லை. ஆனால் நோயறையில் 'கோல்பே', அதாவது அடி, என்று ஒருத்தி சொன்ன உடனே அதைத் தவறான நம்பிக்கை என்று குறித்துக்கொண்டு திருத்தப் புறப்படுகிறவர், ஒரு சின்னக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார். யார் அடித்தது? எத்தனை வருடமாக? உடலின் நியாயத்தைத் தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் அவள் சொல்லிப்பார்த்திருக்கலாம். இலக்கியம் படிப்பவர்களாவது இதைக் கேட்டிருக்கவேண்டும்.

கடவுளையும் மருத்துவரையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கும் பழக்கம் ஆய்வாளருடையது; அந்தப் பெண்களுடையதல்ல. மெக்சிகோவின் கோவில்களில் 'ரெத்தாப்லோ' என்ற சிறிய தகர ஓவியங்களை நேர்த்திக்கடனாக மாட்டிவைப்பார்கள். ஃப்ரீதா காலோ அவற்றைச் சேகரித்துவந்தார். ஹோர்ஹே துராந்தும் டக்ளஸ் மாசியும் அமெரிக்காவுக்குப் போன மெக்சிகோக்காரர்கள் காணிக்கையாக்கிய ரெத்தாப்லோக்களைத் தொகுத்து 1995-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நன்றி சொல்லும் தகரங்களில் மேசைமேல் நோயாளி கிடப்பார். வெள்ளை அங்கியில் மருத்துவர்கள் குனிந்து வேலையில் இருப்பார்கள். மேல்மூலையில் மேகத்துக்குள் மாதா. மருத்துவரை வெளியே அனுப்பிவிட்டு மாதா வரவில்லை. இருவரும் ஒரே சட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். சாவு நிச்சயம் என்று தெரிந்த பிறகும் ஒரு பெண் சான் பெரெக்ரீனோவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள் என்றால், கீமோவை மறுத்துவிட்டு ஏற்றுகிறாள் என்று ஏன் எடுத்துக்கொள்ளவேண்டும்? கீமோவுக்குப் போய்வந்து வாந்தியெடுத்து ஓய்ந்தபிறகு ஏற்றுகிறாள். மருந்தால் ஆகாத காரியம் ஒன்று மிச்சமிருக்கிறது அவளுக்கு. மகளிடம் விடைபெறவேண்டும், ஊரில் இருக்கும் தங்கையோடு பேச்சை மீண்டும் தொடங்கவேண்டும், பயத்தை எங்கேயாவது இறக்கிவைக்கவேண்டும்.

*

நண்பரோடு பேசி இரண்டு வாரம் கழித்து அட்டவணை திருத்தத்தோடு வந்தது. 'லத்தீனா' என்ற சொல்லுக்கு அருகே 'மெக்சிகோ, எல் சால்வதோர், போர்த்தோ ரிக்கோ, கியூபா முதலிய' என்று சேர்த்திருந்தார். முன்னேற்றம்தான். ஆனால் 1917-லிருந்து அமெரிக்கக் குடியுரிமையோடு பிறக்கும் போர்த்தோ ரிக்கோ பெண்ணையும், ஸ்பானியமே தெரியாமல் மாம் மொழி மட்டும் பேசிக்கொண்டு குவாத்தமாலா மலையிலிருந்து வந்த மாயா பெண்ணையும் ஒரே வரிசையில் நிறுத்தியது 1977-இல் அமெரிக்க அரசு புள்ளிவிவரத்துக்காகப் போட்ட உத்தரவு. எந்தப் பண்பாடும் அவர்களை அப்படி நிறுத்தவில்லை. தாள் இல்லாதவளுக்கு மத்திய அரசின் ஏழைகள் காப்பீடு அவசரச் சிகிச்சைக்கு மட்டுமே. கலிஃபோர்னியா 2024 ஜனவரியில் தன் காப்பீட்டை எல்லா வயதினருக்கும் தாள் கேட்காமல் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே, 2026 முதல் தாளில்லாத பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று சட்டம் செய்துகொண்டது. இதற்கெல்லாம் எந்த 'இஸ்மோ'வும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் விஷயமும் அப்படியே. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழி உதவி தரவேண்டும் என்று 2000-இல் கிளின்டன் பிறப்பித்த ஆணையை 2025 மார்ச்சில் ட்ரம்ப் ரத்துசெய்தார். 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் இன்னும் இருக்கிறது, சிறுவர்களைத் துபாஷியாக வைத்துக்கொள்ளக்கூடாது என்று 2016-இல் வந்த விதியும் உண்டு என்று சொல்லலாம். இருந்தும் அலுவலர் வராத நாளில் யார் மொழிபெயர்ப்பது? மகள்தான். மருத்துவர் ஆங்கிலத்தில் 'கல்லீரலுக்கும் பரவிவிட்டது, சில மாதங்கள்' என்கிறார். மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். 'இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் அம்மா' என்று ஸ்பானியத்தில் சொல்கிறாள். அந்த ஒரு நொடியில் அவள் செய்ததை 'குடும்பமே முடிவெடுக்கும் பண்பாடு' என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது அவளுடைய குடும்பமல்ல.

கடைசியாக நண்பர் கேட்டார்: எல்லாம் சரி, அந்த முதல் சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது? ஃபாத்தாலிஸ்மோ என்று அப்படியே போடுங்கள் என்றேன். கூடவே இடப்பக்கத்தில் நான்கு வரிசைகள் சேர்க்கச் சொன்னேன்: காப்பீடு உண்டா, மருத்துவமனைக்கு எத்தனை பேருந்து மாறவேண்டும், அன்றைக்குக் கூலி போகுமா, யார் மொழிபெயர்த்தது. பக்கத்தில் இடமில்லை என்றார். அட்டவணை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.